நாலு வரிசை

"அவருக்கு எத்தனை வரிசை வேணுமாம்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார் கண்டக்டர்.

விதைப்பு மெஷின் கடையின் விற்பனைப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த 'அவர்' கண்டக்டரின் வலது தோளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கூரையில் என்னவோ அதிசயம் இருப்பது மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, பாவம், அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்களுக்கு எத்தனை வரிசை வேணும்னு..."

"காது கேக்குதும்மா. ரெண்டு போதும்னு சொல்லு."

"ரெண்டு போதுமாம் சார்."

"எனக்கும் காது கேக்குது" என்றார் கண்டக்டர்.

இருவரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் கண்டக்டர். ஆயுசு முழுக்க பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு நிலத்துக்கு வந்தவர். தங்கையைக் கட்டியவர் வைண்டிங்காரர். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறார், கடை நேரம் போக மிச்ச நேரம் விவசாயம். மாமனார் இரண்டு பெண்களுக்கும் பக்கத்துப் பக்கத்து நிலமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். நடுவில் வரப்புகூடக் கிடையாது. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு குட்டி டிராக்டரும் வாங்கியிருந்தார்கள். அது வாங்கிய காலத்தில் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்ததைப் பார்த்து ஊரே கண்ணு வைத்தது. அந்தக் கண்ணுதான் பட்டுவிட்டது என்று சின்னவள் சொல்வாள். கண்ணும் இல்லை மண்ணும் இல்லை, எல்லாம் உன் மாமா வாய்தான் என்று பெரியவள் சொல்வாள்.

பெரியவள் சொன்னதுதான் சரி. கண்டக்டர் வீட்டு மோட்டாரைச் சகலைதான் சுற்றிக் கொடுத்தார். கொண்டுவந்து மாட்டி சுவிட்சைப் போட்டால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. இது நடக்கிற காரியம்தான். ஆனால் நல்ல கதை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் கண்டக்டரால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகளிடம் சொன்னார். "எங்க சகலை சுத்துன மோட்டார் தண்ணிய எடுக்காதுப்பா, இருக்கிற தண்ணியையும் கிணத்துக்கே திருப்பி அனுப்பிடும்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் யாரோ ஒருவர் வைண்டிங் கடைக்கு வந்து, "தம்பி, நேராச் சுத்துவீங்களா, தலைகீழாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு சகலைகளுக்குள் பேச்சு நின்றது. நான் என்ன பொய்யா சொன்னேன் என்று கண்டக்டர் வீம்பு பிடித்தார். போன அறுவடைக்கு முன்னால் நின்ற பேச்சு, இதோ அடுத்த விதைப்பும் வந்துவிட்டது.

விதைப்புதான் இப்போது தலைவலி. இதுவரை டிராக்டர் சால் போட்டுக்கொண்டு முன்னால் போகும். அக்காளும் தங்கையும் குனிந்தபடி பின்னால் போவார்கள். சின்னவள் மக்காச்சோள விதையைப் போட, பெரியவள் உரத்தைப் போடுவாள். விதையிலிருந்து நாலு விரல் தள்ளி உரம் விழவேண்டும். நெருங்கி விழுந்தால் முளை கருகிவிடும். அதனால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீசிவிட்டுப் போகிற வேலை இல்லை அது. போன தடவை கடைசிச் சாலில் குனிந்த பெரியவள் நிமிரவே இல்லை. அப்படியே வண்டியில் ஏற்றி, அப்படியே வைத்தியரிடம் இறக்கினார்கள். இனி நிலத்தில் குனியக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் வைக்கலாமென்றால், மழைக்கு முந்தின நாள் எல்லார் நிலத்திலும்தான் விதைப்பு, யார் வருவார்கள்? "ஆள் கிடைக்கலேன்னா நானே இறங்கிக்கிறேன், இடுப்பு என்ன கழண்டா விழுந்திடும்" என்கிறாள் பெரியவள். இறங்கக்கூடியவள்தான். அதை நினைத்துத்தான் கண்டக்டர் அவசரப்பட்டார். வானம் இருட்டிக்கொண்டு வருவதற்குள் மெஷின் வாங்கியாக வேண்டும், அது ஒழுங்காக ஓடியாக வேண்டும். அதற்குத்தான் இந்த ஊமை நாடகத்தையும் தாங்கிக்கொண்டு சகலையோடு ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து இங்கே வந்திருந்தார்.

ஒரே ஓட்டத்தில் இரண்டு வரிசை விதைப்பது ஒன்று, நாலு வரிசை விதைப்பது ஒன்று என்று விற்பனைப் பெண் இரண்டு மெஷின்களையும் காட்டினாள். இரண்டும் ஒரே சாதிதான். விதைப் பெட்டிக்கு அடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று, சக்கரம் உருள உருள அதுவும் சுற்றி விதையை ஒவ்வொன்றாகக் கீழே விடும். அதற்கு முன்னால் உரப்பெட்டி, அதிலிருந்து தனிக் குழாய். உரம் விதைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் ஆழத்தில் போய் விழும். பின்னால் ஒரு சின்னச் சக்கரம் மண்ணை மூடி அமுக்கிக்கொண்டே வரும். குனிய வேண்டாம், நடக்கக்கூட வேண்டாம். கண்டக்டர் அந்த உரக் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். பெரியவளின் இடுப்பைக் காப்பாற்றப் போகிற குழாய் அல்லவா, அவருக்குக் கண் கலங்குகிற மாதிரி இருந்தது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

இரண்டு வரிசை மெஷின் பார்க்க அடக்கமாக இருந்தது. நாலு வரிசை மெஷினோ இடத்தை அடைத்துக்கொண்டு, பளபளவென்று, ஏறி உட்கார்ந்தால் ஊரே வழிவிடும் போலிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டார். பாதி நேரத்தில் வேலை முடியும், மழை முந்தாது.

"சின்ன வண்டிக்கு அகலக்கால் வேண்டாம்னு சொல்லும்மா" என்றார் வைண்டிங்காரர், கூரையிடம்.

"வண்டி சின்னதுதான், மனசும் சின்னதா இருக்கணுமான்னு கேளும்மா."

அந்தப் பெண் இதையெல்லாம் கடத்துவதை எப்போதோ விட்டிருந்தாள். பேசாமல் முற்றத்தில் நின்ற குட்டி டிராக்டர் ஒன்றில் நாலு வரிசை மெஷினை மாட்டச் சொல்லி, தூக்கிக் காட்டச் சொன்னாள். ஹைட்ராலிக் அதை அலுங்காமல் தூக்கியது. கண்டக்டர் வெற்றிப் பார்வை ஒன்றைச் சகலைக்கு இரண்டடி இந்தப்பக்கமாக வீசினார். சகலை மெஷினையும் பார்த்தார், வண்டியின் முன் சக்கரத்தையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். "அவர் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமான் வண்டி பேசப் போனார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே என்று கண்டக்டருக்கு ஒரு பக்கம் உறுத்தியது. ஜெயித்த சந்தோஷத்தில் அதை ஒதுக்கித் தள்ளினார்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஓடிவந்தாள். "சார், இப்ப நாம தூக்கினது காலிப் பெட்டி. உரம் ரொப்பினா பாரம் பின்னாடி இழுக்கும். உங்க வண்டிக்கு முன்னாடி எடைக்கட்டி மாட்டணும். அது இப்ப இருப்பு இல்ல, அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் உரப்பெட்டில பாதிக்கு மேல போடாதீங்க. அந்த சார்கிட்டயும் மறக்காம சொல்லிடுங்க."

"நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன்ம்மா."

"நான் சாப்பிடப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பெரியவள் வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்துத் தரையில் படுத்திருந்தாள். கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "இந்தா, உன் தங்கச்சிகிட்ட சொல்லி அவர்கிட்ட சொல்லச் சொல்லு. உரப்பெட்டில..."

பெரியவள் படுத்தபடியே கையைத் தூக்கி நிறுத்தினாள். "போதும். நானும் அவளும் காலையிலயே பேசி முடிவு பண்ணிட்டோம். அந்த வீட்டு சேதி இந்த வீட்டுக்கும், இந்த வீட்டு சேதி அந்த வீட்டுக்கும் தூக்கித் தூக்கி எங்க காலு தேஞ்சுபோச்சு. இனிமே தபாலாபீஸ் மூடியாச்சு. உங்க வாய்க்கு என்ன, ஊர் பூரா போய் பேசத் தெரியுதுல்ல? அடுத்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கண்டக்டர் கொல்லைப் பக்கம் போய்ச் சுவரோரமாக நின்றார். அந்தப் பக்கம் சகலை வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. இவர் தொண்டையைச் செருமினார். கொப்பளிப்பது நின்றது. பதிலுக்கு அவரும் ஒரு செருமல் செருமினார். இவர் இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. அங்கிருந்தும் அதே பலத்தில் ஒன்று வந்தது. இரண்டு பேருக்கும் சளிதான் வெளியே வந்தது, சொல் வரவில்லை. நாம் ஏன் முதலில் பேசவேண்டும், அந்த ஆள் மெக்கானிக்தானே, பாரம் தெரியாதா என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டு கண்டக்டர் உள்ளே வந்துவிட்டார்.

காலையில் வானம் ஒரு மாதிரியாக இருந்தது. கிழக்கே வெளுத்தும் வெளுக்காமலும், மேற்கே கருகருவென்றும். காற்றே இல்லை. எல்லார் நிலத்திலும் ஆள் நடமாட்டமும் வண்டிச் சத்தமுமாக இருந்தது. மெஷினை நிலத்து ஓரத்தில் இறக்கிவைத்து விதையும் உரமும் நிரப்புவது சகலையின் வேலை, வண்டி ஓட்டுவது கண்டக்டரின் வேலை. இதெல்லாம் சண்டைக்கு முன்னால் பிரித்துக்கொண்டது, சண்டையிலும் மாறவில்லை. கண்டக்டர் டீசல் ஊற்றிவிட்டு வந்தபோது உரப்பெட்டி மூடியிருந்தது. காலிச் சாக்குகள் பக்கத்தில் கிடந்தன. எத்தனை சாக்கு என்று எண்ணக் கண் போனது, பிடித்து இழுத்துக்கொண்டார். மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும். கை மூடி வரைக்கும் போயும் விட்டது. ஆனால் திறந்து பார்த்தால் என்ன அர்த்தம்? சகலை செய்த வேலையில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். மோட்டார் விவகாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கையை எடுத்துவிட்டார்.

பெரியவள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பில் உரக்கூடை.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?" என்றார் கண்டக்டர்.

"உங்க மெஷின் ஓடலேன்னா?"

"ஓடும்."

"ஓடட்டும். ஓடுனா கூடையைக் கவுத்து வச்சு உக்காந்து வேடிக்கை பாக்குறேன். ஓடலேன்னா இறங்கிடுவேன்."

முதல் நடை அற்புதமாகப் போனது. மெஷின் மண்ணில் பதிந்து, நாலு கொழுவும் நாலு கோடு கிழித்து, விதை விழுந்தது தெரியாமல் மண் மூடிக்கொண்டு வந்தது. சின்னவள் ஒரு இடத்தில் விரலால் தோண்டிப் பார்த்து, "மாமா, அளந்து வச்ச மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற விசிலை எடுத்து, நிலமே அதிர ஊதினார். நிலத்தின் கடைசியில் திரும்ப வேண்டும். திரும்ப மெஷினைத் தூக்க வேண்டும். ஹைட்ராலிக் நெம்புகோலை இழுத்தார்.

மெஷின் தூக்கியது. வண்டியும் தூக்கியது.

பின் சக்கரம் மண்ணில் நிற்க, முன் சக்கரம் இரண்டும் மெல்ல, ரொம்ப மரியாதையாக மேலே எழுந்தன. எதிரே இருந்த மரம் காணாமல் போய் வானம் வந்தது. கண்டக்டர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார். சக்கரம் காற்றில் இங்குமங்கும் ஆடியதே தவிர வண்டி கேட்கவில்லை. அவர் கை தலைக்கு மேலே போய், அங்கே இல்லாத பஸ் மணிக் கயிற்றைத் தேடியது. வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"சகலே!"

பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வைண்டிங்காரர் வேட்டியை மடித்துக்கட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து, முன் பம்பரில் எம்பி, வயிற்றைப் போட்டுத் தொங்கினார். வண்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தொம்மென்று இறங்கியது.

"நெம்பை இறக்குங்க முதல்ல!" என்று அவர் தொங்கியபடியே கத்தினார். "இறக்குங்கங்குறேன்ல!"

கண்டக்டர் இறக்கினார். மெஷின் மண்ணில் உட்கார்ந்தது. இருவரும் மூச்சு வாங்கினார்கள். அப்புறம்தான் இருவருக்குமே உறைத்தது, பேசிவிட்டார்கள் என்று. பேசினது பேசினதுதான், திருப்பி விழுங்க முடியாது.

"நாலு வரிசைன்னப்பவே இது முன்னாடி தூக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் வைண்டிங்காரர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்டச் சொல்ல? அந்தப் பொண்ணுகிட்டயா?"

"பெட்டி பூராவுமா ரொப்புனீங்க? பாதிதான் ரொப்பணும்னு அது படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே!"

"யார்கிட்டச் சொல்லிச்சு?"

கண்டக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "என்கிட்டதான்" என்றார்.

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். பெரியவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "ஐயோ, இடுப்பு! சிரிக்க வைக்காதீங்கடா பாவிகளா!" என்று ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் தங்கையையும் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி சிரித்தாள். வைண்டிங்காரர் சிரிக்கவில்லை. வண்டியின் மூக்கில் கையை வைத்தபடி நின்றார்.

"அந்த மோட்டார்ல ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா நேராச் சுத்தும். அஞ்சு நிமிஷ வேலை. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன், கூப்பிட்டிருந்தா லுங்கியோட வந்து செஞ்சிருப்பேன். ஊருக்கெல்லாம் சொன்னீங்க. என்கிட்ட மட்டும் சொல்லல."

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தான் சொன்னது பொய்யா நிஜமா என்பதைப் பற்றித்தான் யோசித்திருந்தார். யாரிடம் சொல்லவில்லை என்பது தோன்றவே இல்லை. நேற்று சுவரோரமாக நின்றதும், சற்று முன் மூடி மேல் கை வைத்ததும் சேர்ந்து நினைவுக்கு வர, வெட்கமாகப் போய்விட்டது.

"தப்புதான் சகலை" என்றார்.

"என்ன?" வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "கேக்கல!"

கேட்டதோ கேட்கவில்லையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கண்டக்டர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "தப்புதான் சகலை! என் வாய்தான் தப்பு!"

நாலு நிலம் தள்ளி ஒருவர் விதைக்கிறதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்னதற்கு ஊருக்கெல்லாம் கேட்கத்தானே வேண்டும். வைண்டிங்காரர் காதைக் குடைந்துகொண்டார். "சரி சரி, கத்தாதீங்க" என்றார்.

மேற்கே இருந்த கருப்பு இப்போது தலைக்கு மேலே வந்திருந்தது. உரத்தைப் பாதி வாரி எடுத்துவிட்டு, தீரத் தீர மறுபடி ரொப்பி ஓட்டினால் மழை முந்திவிடும். உரச் சாக்கு ஒன்றை வண்டியின் மூக்கில் கட்டிப் பார்த்தார்கள். முதல் குலுக்கலிலேயே வழுக்கி விழுந்து வாய் பிளந்தது. அடுத்து எதைக் கட்டலாம் என்று இரண்டு பேரும் வாக்குவாதம் பண்ண, பெரியவள் சேலையைச் செருகிக்கொண்டாள். கூடையை எடுத்தாள். "பேசிட்டே நில்லுங்க. நான் இறங்குறேன்."

"இறங்காதேடி!" என்று கண்டக்டர் சீட்டிலிருந்தே பதறினார். குரல் உடைந்துவிட்டது, அதை யாரிடமும் மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணி, கூடையைக் கீழ வைங்க" என்றார் வைண்டிங்காரர். வாய் பிளந்த சாக்கை உதறி நாலாக மடித்து, சுடுகிற பானெட்டின் மேல் போட்டார். பம்பரில் கால் வைத்து ஏறி, வண்டியின் மூக்கில் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். முன்னால் பார்த்து உட்கார்ந்தால் பின்னால் உரக் குழாய் அடைத்தால் தெரியாது. அதனால் பின்னால் பார்த்து, அதாவது கண்டக்டரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "ம், எடுங்க."

கண்டக்டர் பயந்து பயந்து நெம்பை இழுத்தார். முன் சக்கரம் மண்ணை விடவில்லை. வண்டி திரும்பியது.

அப்புறம் போனார்கள், வந்தார்கள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் இருக்க முடியும்? முதலில் சகலை குழாயைப் பார்த்தார், கண்டக்டர் சகலைக்கு அந்தப்பக்கம் வரிசையைப் பார்க்க முயன்றார். சகலை மறைத்தார். "கொஞ்சம் சாய்ங்க." "எந்தப் பக்கம்?" "இடப்பக்கம்." "எனக்கு இடமா, உங்களுக்கு இடமா?" இப்படி ஆரம்பித்தது. மூணாவது குழாய் அடைக்கிறது என்று அவர் கத்த, இவர் நிறுத்த, அவர் குதித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார். கடை எப்படிப் போகிறது என்று இவர் கேட்டார். முன்ன மாதிரி இல்லை என்று அவர் சொன்னார். இவர் வண்டியை அடுத்த நடைக்குத் திருப்பினார். "நாளைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்" என்றார். "போய்?" "ரெண்டு ஒயர் மாத்துன கதையைச் சொல்றேன்." "ஒண்ணும் சொல்ல வேணாம், இதோட விடுங்க" என்று சகலை அவசரமாகச் சொன்னார். உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பா, எஞ்சின் சூடா, தெரியவில்லை.

கடைசி நடையில் உரப்பெட்டி காலியாகிக் கடகடவென்று சத்தம் போட்டது. விதையும் தீர்ந்தது. நிலத்தின் ஓரத்தில் கண்டக்டர் நெம்பை இழுத்தார். மெஷின் பூப்போல மேலே வந்தது. முன் சக்கரம் பதிந்து, கெட்டியாக நின்றது. பாரமே இல்லை இப்போது. முன்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை. கண்டக்டருக்கு அது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. சகலைக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இறங்க அவர் ஒரு காலைத் தூக்கினார்.

"சகலை" என்றார் கண்டக்டர். "முன்னாடி லேசாத் தூக்குற மாதிரி இருக்கு. வீடு வரைக்கும் அப்படியே உக்காருங்க."

வைண்டிங்காரர் காலியான பெட்டியைப் பார்த்தார். கீழே குனிந்து, மண்ணில் அழுந்தி நிற்கிற சக்கரத்தைப் பார்த்தார். தூக்கிய காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஆமா சகலை. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

மழையின் முதல் துளிகள் பானெட்டில் விழுந்து சுர்ரென்று ஆவியாயின. சின்னவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். பெரியவள் ஓடவில்லை. கவிழ்த்த கூடையிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்குள் அந்தக் குட்டி டிராக்டர் மெதுவாகப் பாதையில் ஏறியது. அதன் மூக்கில் ஒரு ஆள் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், சீட்டில் ஒரு ஆள் அவரைத் தாண்டி வழியைப் பார்க்க எட்டி எட்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.